பீரோவுக்குள் எரியும் பல்பு

கோத்தகிரியில் ஜூலை மாதம்
எதையும் சும்மா விடாது.
செருப்பில் பூசணம். பெல்ட்டில் பூசணம்.
கல்யாணப் பட்டின் மடிப்பில்
வெள்ளையாய் ஒரு தேச வரைபடம்.
அதனால் புத்தக பீரோவுக்குள்
நாற்பது வாட் பல்பு ஒன்றை
இரவும் பகலும் எரியவிட்டிருக்கிறேன்.
உள்ளே
நானூற்று அறுபத்து மூன்று பிரதிகள்,
ஒரே புத்தகம்.
நான் எழுதி, நான் வரைந்து, நானே போட்டது.
போட்டது ஐந்நூறு.
கழித்தல் தெரிந்தவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

டிராயிங் டீச்சர் வேலையை விட்ட அன்று
இடி இல்லை, பல்லி சொல்லவில்லை.
ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும்
“வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்றார்.
நாலு பவுன் சங்கிலியைக்
கூட்டுறவு வங்கியில் வைத்துவிட்டு
மேட்டுப்பாளையம் இறங்கி
சிவகாசிக்கு பஸ் மாறிப் போனேன்.
கழுத்து லேசாக இருந்தது.
வழியெல்லாம்
இல்லாததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது கை.

“கலர் புரூஃப் பாத்துட்டுப் போயிருங்க,
நாளைக்கு மத்தியானம் ஆகும்”
என்றார் அச்சகத்துக் காளிராஜன்.
நாளை மத்தியானம் வரை என்றால்
லாட்ஜுக்கு அறுநூறு ரூபாய்.
மனசுக்குள் பெருக்கி, வகுத்து,
“நீங்களே பாத்துக்குங்க” என்று
கிளம்பிவிட்டேன்.
இதை இரண்டு வருடம் எவரிடமும் சொன்னதில்லை.
அச்சகத்தான் கெடுத்தான் என்றே
சொல்லிக்கொண்டிருந்தேன்.

லாரி பார்சலைப் பிரித்தபோது
பதினான்காம் பக்கத்தில்
தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமையைவிட்டு
கால் அங்குலம் தள்ளி
சிவப்பு மட்டும் தனியே நின்றிருந்தது.
ஒன்றில் அல்ல.
ஐந்நூறிலும்.

“யாரும் கவனிக்க மாட்டாங்கக்கா”
என்றான் தம்பி லிங்கேஷ்.
அப்படியே ஆனது.
யாரும் கவனிக்கவில்லை,
அந்தப் பக்கத்தை அல்ல,
புத்தகத்தையே.
ஊட்டி பேக்கரிக்காரர்
வர்க்கி டப்பாக்களுக்குப் பக்கத்தில்
ஆறு பிரதி வைத்துப் பார்த்தார்.
எண்ணெய்க் கறையோடு ஐந்து திரும்பி வந்தன.
ஆறாவது என்ன ஆனது என்று
கேட்க எனக்குத் தைரியமில்லை.

கட்டபெட்டு அரசுப் பள்ளியில்
இலவசமாய்க் கொடுக்கப் போன நாள்
இரண்டாம் வகுப்பு மிதுனா
விரல் வைத்து எண்ணினாள்.
“ரெண்டு.”
ஒன்றுதான் கண்ணு, அச்சுப் பிழை என்றேன்.
“இல்ல மிஸ், இது செவப்பு.
இதுக்கு ஒடம்பு கெடையாது.
சும்மா கூட வருது.”
அடுத்த பக்கம் புரட்டினாள்.
அங்கே வண்ணங்கள் எல்லாம் ஒழுங்காக
அதனதன் கோட்டுக்குள் இருந்தன.
முன்பக்கம் போனாள். திரும்ப வந்தாள்.
“அது எங்க போச்சு?”
பதில் இல்லை என்னிடம்.
ஒரு கன்றுக்குட்டியைத் தொலைத்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

இதைச் சொன்னால்
‘பிழையே வரமாச்சு பாருங்க’ என்கிறார்கள்.
அவர்கள் வட்டி கட்டியதில்லை.
சங்கிலி இன்னும் வங்கியில்தான்.
மழை விட்ட ராத்திரிகளில்
அந்த அறுநூறு ரூபாய் வந்து
கட்டில் ஓரம் உட்கார்கிறது.

ஆனாலும் நவம்பரிலிருந்து
வரைந்துகொண்டிருக்கிறேன்
உடம்பில்லாத அந்தச் சிவப்பை.
பதினைந்தாம் பக்கத்திலிருந்து
அது எங்கே போயிற்று என்று.
பாதிக் கதை சரியாக வரவில்லை.
ஓடையைக் கடக்க மறுத்து
மூன்று வாரமாக நிற்கிறது.
தோடு இருக்கிறது, ஒன்றரைப் பவுன்.
லாட்ஜுக்கு ஆயிரத்தைத்
தனி உறையில் போட்டு
மேலே எழுதியும் வைத்துவிட்டேன்:
‘புரூஃப் பார்க்கும்வரை கிளம்பாதே.’

நேற்று பீரோ பல்பு ஃபியூஸ் போனது.
மார்க்கெட் கடையில்
எல்.ஈ.டி. எடுத்து நீட்டினார்கள்.
“கரண்டு மிச்சம், சூடே ஆகாதும்மா.”
எனக்கு வெளிச்சம் வேண்டாம் அண்ணா,
சூடுதான் வேண்டும் என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு
மேல்தட்டில் துழாவி
தூசி படிந்த பழைய குண்டு பல்பு ஒன்றை
ஊதித் துடைத்தார்.
“இதான். இனிமே வராது.
ஒண்ணு போதுமா?”

ரெண்டு கொடுங்கள் என்றேன்.